கோவித்துக்கொண்டு குளத்துக்குப் போன தெரு

உடைகுறிச்சியில் தேரோடாத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது, முன்னேயும் இருந்தது, நடுவில் நாற்பத்தொரு நாள் மட்டும் இல்லாமல் இருந்தது. அந்த நாற்பத்தொரு நாளில் யார் யார் வீட்டு அடுப்படி வழியாக யார் யார் நடந்து போனார்கள், யாருடைய மூச்சு யாருடைய பிளக்கில் தொங்கியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் ஒரு நடை வந்து தெருவை மிதித்துப் பார்க்கட்டும், ஆனால் மிதிப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டு மிதியுங்கள்.

அந்தத் தெருமேல் தோண்டுகிறவர்களுக்கு அப்படி ஒரு பிரியம். பேரூராட்சி திங்கட்கிழமை தார் போட்டால், தார் வாசம் போகுமுன்னே வியாழக்கிழமை கரண்ட் ஆபீஸ்காரன் வயர் புதைக்கத் தோண்டுவான், அவன் மூடியும் மூடாமலும் போன சனிக்கிழமை தண்ணி ஆபீஸ்காரன் குழாயைத் தேடித் தோண்டுவான், குழாய் அங்கே இல்லை என்று தெரிந்ததும் நாலடி தள்ளித் தோண்டுவான். பிறகு பேரூராட்சி வந்து, யாரடா எங்கள் ரோட்டைத் தோண்டினது என்று சத்தம் போட்டுவிட்டு, சாக்கடைக்கு என்று அதுவும் ஒரு பக்கம் தோண்டிவிட்டுப் போகும். அந்த வருஷத்தில் மட்டும் பதினொரு தடவை. இவன் தோண்டுவது அவனுக்குத் தெரியாது, அவன் தோண்டுவது இவனுக்குத் தெரியாது, இரண்டு பேர் தோண்டுவதும் தெருவில் குடியிருக்கிற எங்களுக்குக் கடப்பாரை விழுகிற சத்தத்தில்தான் தெரியும்.

இத்தனைக்கும் பேரூராட்சியும் கரண்ட் ஆபீசும் ஒரே வளாகம், நடுவில் ஒரு சுவர், சுவர் ஓரத்தில் ஒரு வேப்பமரம். இந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்து "சார்" என்று கூப்பிட்டால் அந்தப் பக்கத்து நாற்காலி திரும்பிப் பார்க்கும், அவ்வளவு கிட்ட. ஆனால் வேப்பமரத்து நிழலில் ஒரு ஜீப்தான் நிற்கும் என்பதால், பேரூராட்சி செயல் அலுவலர் திரவியத்துக்கும் கரண்ட் ஆபீஸ் இஞ்சினியர் ஜெபசிங்குக்கும் நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. பேச்சு இல்லாவிட்டால் என்ன, எழுத்து இருக்கிறதே. இவர் எழுதுகிற கடுதாசி பையில் ஏறித் தென்காசிக்குப் போய், மேலாபீஸில் முத்திரை வாங்கி, இன்னொரு மேலாபீஸில் படுத்து எழுந்து, சுவருக்கு அந்தப் பக்கம் வந்து சேர ஒன்பது நாள் ஆகும். ஒன்பது நாள் கழித்து அவர் எழுதுவார், அதற்கு ஒரு ஒன்பது நாள். கடுதாசிகளின் அடியில் 'நகல்' என்று போட்டு எட்டுப் பேர் பெயர் இருக்கும். அந்த எட்டில் தெருக்காரன் ஒருவனும் கிடையாது.

எட்டாவது தடவை தோண்டின குழி, கிழக்கு வரிசையில் ஆறாவது வீட்டு மாரிக்கனி வாசலுக்கு நேரே ஓர் ஆள் உயரத்துக்கு மூடாமல் கிடந்தது. யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று அவள்தான் ஒரு வேப்பங்கொப்பை நட்டு, கிழிந்த சிவப்புப் பாவாடைத் துணியை அதில் கட்டிவிட்டிருந்தாள். கொப்பு காய்ந்து இலை உதிர்ந்து, துணி வெளுத்து வெள்ளையாகிப் போச்சு, குழிக்கு ஒரு கூடை மண் வரவில்லை.

பதினோராவது தடவைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை விடியக்காலையில் தெரு எழுந்து போய்விட்டது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை, கோரைப்பாயைச் சுருட்டுகிற சத்தம்தான். தெற்கு முக்கில் ரேஷன் கடைப் பக்கமிருந்து சுருட்ட ஆரம்பித்து, தார், ஜல்லி, குழி, குழிக்குள் நின்ற கொப்பு, ஓரத்தில் நின்ற பதினொரு கரண்டுக் கம்பம், அத்தனையையும் உள்ளே வைத்துச் சுருட்டிக்கொண்டு, வடக்கு முக்கு வழியாக வெளியேறி பஸ் ரோட்டில் ஓரமாகவே உருண்டு போனது. ரயில்வே கேட் போட்டிருந்தது, செங்கோட்டை வண்டி வருகிற நேரம், தெரு நின்றது. வண்டி போய், கேட்டைத் தூக்கின பிறகுதான் தாண்டிப் போனது என்று கேட்கீப்பர் சித்திரைவேல் பகவதியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சொன்னான். "ஆபீஸ்காரனுவ ஜீப்பு கூட இம்புட்டு மரியாதையா நின்னதில்ல அண்ணாச்சி" என்றான். அப்புறம் தெரு ஊருக்கு மேற்கே தண்ணீர் வற்றிக் கிடந்த செங்குளத்தில் இறங்கி, நடுவில் போய், வைக்கோல் போர் மாதிரி சுருண்டு உட்கார்ந்துகொண்டது. தெருநாய்கள் ஐந்தும் பின்னாலேயே போய் அதைச் சுற்றிப் படுத்துக்கொண்டன.

நடுவில் தெரு இல்லாவிட்டால் இரண்டு வரிசை வீடும் என்ன செய்யும்? ஒட்டிக்கொண்டன. வாசலும் வாசலும் ஒரு சாண் இடைவெளியில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நின்றன.

மாரிக்கனி வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தாள், வாளித் தண்ணீரை வழக்கம்போல வீசினாள், தண்ணீர் போய் எதிர்வீட்டுப் பவளக்கொடியின் நடுவீட்டில் விழுந்தது. உலகத்தில் எந்த வீட்டோடும் ஒட்டியிருக்கலாம், அந்த வீட்டோடு ஒட்டியதுதான் விதி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மாரிக்கனி வீட்டுப் படி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பவளக்கொடி மனுக் கொடுத்தாள், ஆள் வந்து மூன்று படியையும் இடித்துப் போனார்கள். பவளக்கொடி வீட்டு ஓட்டுச் சாய்ப்பு தெருமேல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று மாரிக்கனி மனுக் கொடுத்தாள், ஆள் வந்து சாய்ப்பைப் பிடுங்கிப் போனார்கள். உடைகுறிச்சியில் மனுக் கொடுத்து உடனே நடக்கிற வேலை இடிக்கிற வேலை ஒன்றுதான். அன்றிலிருந்து இவள் வீட்டுக்கு வருகிறவர்கள் தாவித்தான் ஏறவேண்டும், அவள் வாசலில் மழை நேராக விழும், இரண்டு பேரும் முகம் பார்ப்பது கிடையாது.

"ஏட்டி! யார் வீட்ல தண்ணி ஊத்துத?" என்றாள் பவளக்கொடி. அவள் மாவு ஆட்டி விற்கிறவள், புருஷன் பம்பாயில் கடை வைத்திருந்தான், வீட்டில் அவளும் இரண்டு கிரைண்டரும்தான். கையெல்லாம் உளுந்த மாவு.

மாரிக்கனி தன் வீட்டுப் பக்கம் காதைத் திருப்பினாள். உள்ளே மிஷின் சத்தம் நின்றுபோயிருந்தது.

அவள் புருஷன் குருநாதன் இருபத்திரண்டு வருஷம் நூற்பாலையில் பஞ்சுத் தூசியைச் சோறுபோலத் தின்றவர். நெஞ்சுக்குள் அடைந்த பஞ்சை எந்த வைத்தியனாலும் எடுக்க முடியவில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு மூச்சு மிஷின், மூக்கில் ஒரு குழாய், மிஷின் ஓடுகிறவரைக்கும் அவர் பேசுவார், சிரிப்பார், சீட்டுக்கூட விளையாடுவார். கரண்ட் போனால் அவசரத்துக்கு ஒரு சிலிண்டர், அதில் மூன்று மணி நேரக் காற்று. கிழக்கு வரிசைக்குத் தெருக் கம்பத்திலிருந்துதான் கரண்ட், கம்பமோ தெருவோடு போய்விட்டது. மேற்கு வரிசைக்குப் பின்சந்துக் கம்பத்திலிருந்து கரண்ட், அங்கே கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மாரிக்கனி உள்ளே ஓடி, சிவப்பு வயர் சுற்றின ஜங்ஷன் பெட்டியை எடுத்து வந்து, ஒரு சாண் இடைவெளியைத் தாண்டி வயரை எதிர்வீட்டுக்குள் நீட்டினாள்.

"யாரைக் கேட்டு எம் வீட்டுக்குள்ள வயரை நீட்டுத?"

"கேட்டா குடுப்பியா?"

"கேக்காமலே இருந்தா எப்படிட்டி குடுக்க, மூதி! என்னத்துக்குன்னு சொல்லு. எம்புட்டு நேரம்னு சொல்லு. நீயும் அந்த எடுபட்ட பயலுவ மாதிரி சொல்லாமக் கொள்ளாமத் தோண்டுவியா?"

"அவியளுக்கு மூச்சு நின்னுரும்" என்றாள் மாரிக்கனி. ஒன்பது வருஷத்தில் பவளக்கொடியிடம் அவள் சண்டைக்கு இல்லாமல் சொன்ன முதல் சொல் அது.

பவளக்கொடி வயரைப் பிடுங்கி, கிரைண்டர் பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, இதைச் சொருகினாள். பாதி அரைந்த மாவு கல்லோடு நின்றது. எதிர்வீட்டுக்குள் மிஷின் இருமி இருமி ஓட ஆரம்பித்தது. "இதை வச்சு நீயும் நானும் ஒண்ணுன்னு நெனச்சிராத" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனாள், வயர் குறுக்கே கிடந்ததால் கதவு சாத்தவில்லை. அப்புறம் நாற்பத்தொரு நாளும் அந்தக் கதவு சாத்தவே இல்லை.

மனிதருக்குப் பழகாதது ஒன்று உண்டா? இரண்டு நாள் வாயைப் பிளந்தோம், மூன்றாம் நாள் கோலப்பொடிக்குச் சண்டை போட ஆரம்பித்தோம். ஒரு சாண் இடத்தில் இரண்டு வீட்டுக் கோலம் எப்படிப் போடுவது? இவள் பாதித் தாமரை, அவள் பாதிச் சங்கு, விடிந்து பார்த்தால் என்ன பூவென்றே தெரியாத ஒரு பூ வீட்டுக்கு வீடு பூத்திருக்கும். கிழக்கு வரிசைக்குப் பின்னால் கண்ணாடிச் சில்லு பதித்த ஆலைச் சுவர், அந்தப் பக்கம் வழி கிடையாது. ஆகவே கிழக்கு வரிசைக்காரன் வெளியே போகவேண்டும் என்றால் எதிர்வீட்டு நடுவீட்டில் நுழைந்து, அடுப்படியைத் தாண்டி, கொல்லை வழியாகப் பின்சந்தில் இறங்கவேண்டும். அந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு என்றால் இவன் சட்டையோடு ஆபீஸ் வரைக்கும் கருவாட்டு வாசம் போகும். புதுமாப்பிள்ளை பெண்டாட்டியிடம் ரகசியம் பேசினால் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வாத்தியார் குறுக்கே "மன்னிக்கணும்" என்று நடந்து போவார்.

பால்காரர் தெருவில் ஊற்றிப் பழகியவர், அதனால் பாலைக் குளத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே நின்று மணியடித்தார், நாங்கள் செம்போடு அங்கே போய் வாங்கினோம். பள்ளிக்கூட வேன் டிரைவருக்குத் தேரோடாத் தெரு என்று எழுதிக் கொடுத்திருந்ததால் அவர் வேனைக் குளத்துக்குள் இறக்கித்தான் ஆரன் அடித்தார். கட்சிக்காரர்கள் தெரு எங்கேயோ அங்கேதான் கொடி என்று இரண்டு கொடியைக் கொண்டுபோய்க் கிட்டே நட்டார்கள். பசுமாடு ஒன்று எந்நேரமும் தெரு நடுவில் படுத்துக் கிடக்குமே, அது குளத்துக்கு நடந்து போய், சுருண்டு கிடந்த தெருவின் நிழலில் படுத்து அசைபோட்டது.

எங்கள் தெருவில் முதன்முதலாகச் சட்டம் போட்டவள் பவளக்கொடிதான். நாள் முழுக்க ஆள் நடந்து நடந்து அவள் மாவுச் சட்டிகள் உருண்டதில், ஐந்தாம் நாள் நிலைப்படியில் கரண்டியோடு நின்றுகொண்டாள். "இது வீடு. தெரு இல்ல. வாரவ மூணு தட்டு தட்டணும். தட்டிட்டு நாலு சொல்லணும். யாரு, என்னத்துக்கு, எம்புட்டு நேரம், எப்பத் திரும்புவ. சொல்லாதவன் எவனா இருந்தாலும் கரண்டியாலதான் பேசுவேன்."

முதலில் சிரித்தோம். வட்டிக்கடைக்காரர் சொல்லாமல் நுழைந்து கரண்டி வாங்கின பிறகு சிரிக்கவில்லை. "பவளம் மயினி, நான் ஆறுமுகம். மக வீட்டுக்குக் கட்டில் கொண்டு போறேன், நாளைக்குக் காலைல பத்து மணி, கால்மணி நேரம், திரும்பி வர ராத்திரி ஏழு மணி, மக வீட்டுலயே சாப்பாடு" என்று ராத்திரியே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அவளும் சட்டிகளை ஒதுக்கி வைத்திருப்பாள். கட்டில் போகும், ஒரு சட்டி உருளாது. ஒரு வாரத்தில் மேற்கு வரிசை முழுக்க அந்தச் சட்டம் வந்துவிட்டது. சண்டை குறைந்தது என்று சொல்லமாட்டேன், சண்டையையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போட்டோம்.

மாரிக்கனியும் தினமும் தட்டுவாள். தட்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "மாரிக்கனி. மருந்துக்கு. அரை மணி நேரம். பதினொண்ணுக்குத் திரும்பிருவேன்" என்பாள்.

"பதினொண்ணே காலுக்கு வந்தா வயரைப் பிடுங்கிருவேன்" என்பாள் பவளக்கொடி. பிடுங்கமாட்டாள். மாரிக்கனி வரத் தாமதமானால் எழுந்து போய், கட்டிலில் கிடக்கிற மனிதரை எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, இருக்கியளா?" என்று கேட்டுவிட்டு வருவாள். "ஓம் புண்ணியத்துல" என்று அவர் சொன்னால், "எம் புண்ணியம் இல்ல, எம் பிளக்கு" என்பாள். இரண்டு கிரைண்டரில் ஒன்று நாற்பத்தொரு நாளும் ஓடவில்லை.

ஆபீஸ்களும் சும்மா இருக்கவில்லை, எழுதினார்கள். 'எங்களுக்குச் சொந்தமான பதினொரு மின்கம்பங்களைத் தங்கள் தெரு எடுத்துச் சென்றுவிட்டதால் ஏழு தினங்களுக்குள் திருப்பி ஒப்படைக்கவும்' என்று ஜெபசிங் எழுதினார். ஒன்பது நாள் கழித்து அது வந்ததும், 'எங்கள் தெருவைத் தங்கள் கம்பங்கள்தான் இழுத்துச் சென்றிருப்பதாகத் தெரியவருகிறது, விளக்கம் அளிக்கவும்' என்று திரவியம் எழுதினார். தண்ணி ஆபீஸ், தெருவோடு போன குழாயில் கசிவு இருந்தால் தாங்கள் பொறுப்பல்ல என்று இரண்டு பேருக்கும் நகல் போட்டது. அவர்கள் எழுதியது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், தபால் பை தூக்குகிற சங்கிலி டீக்கடையில் பையை வைத்துவிட்டுத்தான் டீ குடிப்பான், பையில் இருப்பதை வாயிலும் வைத்திருப்பான். குளம் அரை மைல்தான். இரண்டு ஜீப்பில் ஒன்றுகூட ஒரு நாள் அங்கே போய், தெரு எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை.

போய்ப் பார்த்தது நாங்கள்தான். கோவித்துக்கொண்டு போன மாப்பிள்ளையைக் கூப்பிடப் போகிற மாதிரி தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், முறுக்கு வைத்துக்கொண்டு போனோம். "வா, போவோம்" என்றோம். தெரு அசையவில்லை. தாங்கிப் பேசினோம், திட்டிப் பேசினோம், ஒரு ஆள் கோபத்தில் கம்பைத் தரையில் ஓங்கிக் குத்தினான். கடப்பாரை என்று நினைத்ததோ என்னவோ, தெரு இரண்டு சுற்றுப் பின்னால் உருண்டு, தார் கொதிக்கிற வாசத்தை எங்கள்மேல் ஊதியது. முறுக்கை நாய்களுக்குப் போட்டுவிட்டுத் திரும்பினோம்.

நாற்பதாவது நாள் என்ன நடந்தது என்பதை நாங்கள் நாற்பத்தொன்றாவது நாள்தான் தெரிந்துகொண்டோம், எப்போதும் போல. தென்காசி மேலாபீஸிலிருந்து கண்டிப்பான உத்தரவு வந்துவிட்டது, தெருவை இழுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் விரிக்கவேண்டும், எல்லா ஆபீசும் சேர்ந்து செய்யவேண்டும். சேர்ந்து செய்தார்கள். கிரேன் வந்தது, வடக்கயிறு வந்தது, கடப்பாரையோடு அறுபது ஆள் வந்தது. தெரு வருகிற வழியில் வயர் உரசும் என்று நாற்பத்தொன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்தினார்கள். அந்தச் சாக்கில் தண்ணி ஆபீஸ் பின்சந்தில் ஒரு பழைய கசிவைத் தேடிக் குறுக்கே தோண்டிப் போட்டது. பன்னிரண்டாவது தடவை.

பவளக்கொடி வீட்டுக் கிரைண்டர் நின்றது. அடுத்த நொடி எதிரே மிஷின் நின்றது.

"ஏ மாரிக்கனி! சிலிண்டரைத் திற!"

போன வாரம் ஒரு ராத்திரி கரண்ட் போனபோது சிலிண்டரில் பெரும்பாகம் செலவாகியிருந்தது, புது சிலிண்டர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள், அன்றைக்குப் புதன். முள் சிவப்புக் கோட்டுக்குக் கிட்டே நின்றது. முக்கால் மணி நேரம், அதற்குமேல் இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், வண்டி வந்துவிட்டது, பஸ் ரோட்டில் நிற்கிறது, வீட்டுக்கு வழி எது என்று கேட்டார்கள். கட்டிலோடு தூக்கலாம் என்றால் பின்சந்தில் புதுக்குழி, தாவினால் ஒரு ஆள் தாவலாம், நோயாளியோடு தாவ முடியாது.

"நீ குளத்துக்குப் போ. அந்த மூதிகளைப் பிடிச்சுக் கரண்டைப் போடச் சொல்லு. நான் இங்கன இருக்கேன்" என்றாள் பவளக்கொடி.

மாரிக்கனி அவளைப் பார்த்தாள். ஒன்பது வருஷ விரோதியிடம் புருஷனின் மூச்சை விட்டுவிட்டுப் போவதா என்று அந்தப் பார்வை கேட்டது.

"முள்ளைப் பாத்துக்கிட்டே இருப்பேன்டி. போ!"

அவள் குழியைத் தாவி ஓடினாள். குளத்தில் கிரேன் கொக்கியைத் தெருவின் நுனியில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தது. தெரு சிலிர்த்துக்கொண்டு பின்னால் பின்னால் உருண்டது, உள்ளேயிருந்த கம்பங்கள் முள்ளம்பன்றி முள்மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன, கிட்டே போன ஆட்களை நாய்கள் விரட்டின. இந்தக் கரையில் ஒரு குடை, அதன் கீழே ஜெபசிங். அந்தக் கரையில் ஒரு குடை, அதன் கீழே திரவியம்.

"சார், கரண்டைப் போடுங்க சார். வீட்ல மூச்சு மிஷின் நின்னு போச்சு, ஆள் கெடக்காவ."

"பராமரிப்புக்கு நிறுத்தம்னு பேரூராட்சிக்கு எழுத்து மூலமா சொல்லியாச்சும்மா. ஆட்டோல மைக் கட்டி ஊருக்குச் சொல்றது அவங்க வேலை. அங்க போய்க் கேளு."

அந்தக் கரைக்கு ஓடினாள். "எனக்கு ஒரு கடுதாசியும் வரல" என்றார் திரவியம், குளத்துக்குக் குறுக்கே சத்தமாக, அவளிடம் சொல்வதுபோல அவரிடம்.

"நேத்தே அனுப்பிட்டேன்!" என்றார் ஜெபசிங், அவளிடம் சொல்வதுபோல இவரிடம். நாலு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அதுதான்.

"அப்ப தென்காசில இருக்கும். அடுத்த வாரம் வந்துரும். வந்ததும் சொல்லுவோம்" என்றார் திரவியம்.

"எம் புருஷன் அடுத்த வாரம் வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணுமா சார்?"

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா. நிறுத்தினதைத் திரும்பப் போட மேல இருந்து உத்தரவு வரணும்" என்றார் எதிர்க்கரையிலிருந்து ஜெபசிங்.

மாரிக்கனி அதற்குமேல் அவர்களிடம் பேசவில்லை. குளத்துக்குள் இறங்கி, கிரேனைத் தாண்டி, கடப்பாரைக்காரர்களைத் தாண்டி நேரே தெருவிடம் போனாள். நாய்கள் அவளை மோந்து பார்த்துவிட்டு வழிவிட்டன. சுருண்டு கிடந்த தாரின்மேல் கை முட்டியால் மூன்று தட்டுத் தட்டினாள். நாற்பது நாள் பழகின பழக்கம், வேறு எப்படிப் பேசுவது என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

"நான் மாரிக்கனி. கிழக்கு வரிசை ஆறாம் வீடு, அந்தக் குழி வீட்டுக்காரி. எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டுது, ஒரு ஆம்புலன்சு வரணும். வந்து போக அரை மணி நேரம். உன்னைய ஒருத்தரும் தோண்டமாட்டாவ, தோண்ட விடமாட்டேன். அவியளை ஏத்தி விட்டப்புறம் உனக்கு இருக்கணும்னா இரு, திரும்பிப் போகணும்னா போ, நான் கேக்கமாட்டேன். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு செவப்பு வயர் கெடக்கு, படுக்கையில பாத்துப் படு, அத்துராத. அம்புட்டுதான். வாரதுன்னா இப்பமே வா. வராட்டி வரலைன்னு சொல்லிரு, நான் வேற வழி பாக்கணும்."

 பிறகு தெரு மூச்சு விட்டது. இத்தனை வருஷம் யார் யாரோ தோண்டி, யார் யாரோ திட்டி, யார் யாரோ அதைப்பற்றி எழுதி, யாரு, என்னத்துக்கு என்று ஒருவரும் அதனிடம் சொல்லாததால் அடக்கி வைத்திருந்த மூச்சு அது, சூடாக வந்தது. பதினொரு கம்பத்தையும் குளத்து மண்ணில் துப்பிப் போட்டது. கிரேன் கொக்கி அறுந்து தெறித்தது, வடக்கயிற்றைப் பிடித்திருந்த அறுபது பேரும் உட்கார்ந்தார்கள், இரண்டு குடையும் பறந்தது. மாரிக்கனி முன்னால் ஓடினாள், தெரு பின்னால் உருண்டது. "வழிவிடுங்க, தெரு வருது! ஆம்புலன்சுக்கு வருது! ஓரமா போகும்!" என்று அவள் ஒவ்வொரு கடைக்கும் சொல்லிக்கொண்டே ஓடினாள். கேட் போட்டிருந்தது. சித்திரைவேலிடம் அவள் என்னவென்று சொன்னாள், அவன் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் இறங்கி ஓடினான். அன்றைக்கு ரயில் நின்றது, தெரு போனது.

வீட்டில் பவளக்கொடி முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். குருநாதன் உதடு நீலம் பாரித்துப் போயிருந்தது. "அண்ணாச்சி, அவ வாரேன்னுட்டுப் போயிருக்கா. சொன்னா வந்துருவா, அவ அப்படித்தான், பிடிச்சாப் பிடிச்ச பிடி, சண்டாளி" என்று அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அப்போது இரண்டு வரிசை வீடும் ஒரு குலுங்கு குலுங்கி, வண்டிமாடு பின்னால் எட்டு வைப்பதுபோலப் பின்னால் நகர்ந்தது. வெளிச்சம் உள்ளே விழுந்தது. வாசலுக்கும் வாசலுக்கும் நடுவில் தெரு ஓசையில்லாமல் விரிந்து வந்து, சிவப்பு வயர் கிடந்த இடத்தில் மட்டும் ஒரு விரக்கடை உடம்பைத் தூக்கி, வயரைத் தன்போக்கில் நீள விட்டு, அதன்மேல் பைய இறங்கிப் படுத்தது. அதன்மேல் ஏறி வந்து நின்றது ஆம்புலன்ஸ்.

எட்டாம் நாள் குருநாதன் வீடு திரும்பினார். ஒன்பதாம் நாள், போன புதன்கிழமை கரண்ட் இருக்காது என்று ஊருக்கு அறிவிக்கச் சொல்லும் கடுதாசி பேரூராட்சிக்கு வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலமே ஆட்டோவில் மைக் கட்டி அதை அறிவித்தார்கள். போன புதன்கிழமை எச்சரிக்கையாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள்.

தெரு அப்புறம் திரும்பிப் போகவில்லை. ஆனால் கம்பங்களை அது குளத்திலேயே விட்டு வந்துவிட்டது, அவை இன்றைக்கும் அங்கேதான் நிற்கின்றன, தண்ணீர் வந்தால் கொக்கு உட்காரும். கிழக்கு வரிசைக்குக் கரண்ட் எப்படி? மாரிக்கனி வீட்டுக்கு வந்தது போலத்தான். ஒவ்வொரு வீட்டுக்காரனும் எதிர்வீட்டில் மூன்று தட்டுத் தட்டி, பிறகு தெருவில் குனிந்து மூன்று தட்டுத் தட்டி, யாரு, என்னத்துக்கு என்று சொன்னால், தெரு ஒரு விரக்கடை தூக்கிக் கொடுக்கும், வயரை விட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சேதி தெரிந்ததும் இரண்டு ஆபீசும் முதன்முதலாக ஒரே மனசாகி, ஒரே கடுதாசியில் இரண்டு முத்திரை குத்தி எழுதினார்கள். தேரோடாத் தெருவின் அடியில் அனுமதி பெறாமல் வயர்கள் இருப்பதால் அவை தோண்டி அகற்றப்படும். ஜெபசிங்கும் திரவியமும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள், பின்னால் கடப்பாரையோடு எட்டு ஆள். நேரே ஆறாவது வீட்டுக்கு எதிரே, குழியின் ஓரத்தில் வந்து நின்றார்கள். அந்தக் குழியும் போனபடியே திரும்பி வந்திருந்தது, கொப்பும் வெளுத்த துணியுமாக.

பவளக்கொடி மாவுக் கையோடு வெளியே வந்தாள். எதிரே இடிந்த படியின்மேல் மாரிக்கனி வந்து நின்றாள். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"யாரு?" என்றாள் பவளக்கொடி.

"தெரியலையாம்மா? ஆபீஸ்."

"என்னத்துக்கு?"

"அனுமதி இல்லாத வயரை எடுக்க."

"எம்புட்டு நேரம்?"

"அரை நாள்ல முடிஞ்சிரும்."

"தோண்டுத குழியை எப்ப மூடுவிய?"

திரவியம் ஜெபசிங்கைப் பார்த்தார். ஜெபசிங் திரவியத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் மாரிக்கனி வாசலில் கிடந்த குழியைப் பார்த்தார்கள்.  ஈ உட்கார்ந்த இடத்தில் மாடு தோலைச் சுருக்குமே, அந்த மாதிரி தெரு அவர்கள் காலடியில் லேசாக ஒரு சுருக்குச் சுருக்கியது. தெற்கு முக்கில் ரேஷன் கடைப் பக்கம் தாரின் நுனி ஒரு சாண் மேலே எழும்பியது. எட்டு ஆளும் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள், ஜீப் அவர்களுக்கும் முன்னால் போய்விட்டது. அதைப்பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்களாம், சங்கிலி சொல்கிறான்.

பவளக்கொடியும் மாரிக்கனியும் இதன் பிறகு கூடிக் குலாவினார்கள் என்று சொன்னால் தெருவே என்னை உதறிவிடும். படிக்கு ஒருத்தி, சாய்ப்புக்கு ஒருத்தி, இன்றைக்கும் ஜென்ம விரோதிகள்தான், எதிரெதிரே நின்று தெருவே அதிரத் திட்டிக்கொள்கிறார்கள். நேற்றுச் சாயங்காலம்கூட நான் அந்த வழியாக வரும்போது பவளக்கொடி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏ மூதி மாரிக்கனி! நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பிளக்கைப் பிடுங்கப் போறேன். கிரைண்டருக்கு வயர் மாத்தணும். சிலிண்டரைத் தயாரா வச்சுக்கிடு. சொல்லிட்டேன்!"

"எம்புட்டு நேரம்ட்டி?"

"அஞ்சு நிமிசம்!"

"அஞ்சுன்னா அஞ்சு!" என்றாள் மாரிக்கனி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.